சீனி டப்பாவுக்குள்ள ரவை

ஞாயித்துக்கெழம நாலு மணியானா அண்ணன் டீ குடிக்க வந்துரும். பதினோரு வருசமா இதுதான் வழக்கம். கோச்சடையிலருந்து பசுமலைக்கு ரெண்டு பஸ் மாறி வரணும். முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பிச்ச பெறகு ஷேர் ஆட்டோ. "ஏண்ணே இம்புட்டுச் செரமம், நான் அங்க வாரேன்"னு சொன்னா கேக்காது. "பிஸ்கட் அடுப்பு ஒன் வீட்டுலதான இருக்கு, நீ வந்து என்ன செய்யப்போற"ன்னு கேக்கும். அதுக்கு எழுபத்துநாலு வயசு, எனக்கு எழுபது. அண்ணன நான் அது இதுன்னுதான் சொல்லுவேன். எங்க பக்கம் அப்படித்தான், மரியாதக் கொறவுன்னு நெனச்சுக்கிறாதீங்க.

அடுப்புன்னு அது சொல்றது கரண்டுல ஓடுற கேக் அடுப்ப. நான் ரிட்டயர் ஆனப்ப எம் மக வாங்கிக் குடுத்தது. மதுரையச் சுத்தியுள்ள ஊர்கள்ல முப்பத்துமூணு வருசம் கிராம சுகாதார நர்ஸா அலைஞ்சவ நான். ஊசி போடத் தெரியும், பிரசவம் பாக்கத் தெரியும், பிஸ்கட் போடத் தெரியாது. மொத நாலு மாசம் போட்டத தெரு நாய் மோந்து பாத்துட்டு அந்தாண்ட போயிருச்சு. அப்புறம் கை பழகிருச்சு. பாதி மைதா, பாதி கோதும மாவு, வெண்ணெ, பொடிச்ச சீனி, ரெண்டு ஏலக்கா. மதுர வெயிலுக்கு வெண்ணெ மாவுக்குள்ளயே உருகி ஓடிரும், பெசஞ்ச மாவ அர மணி நேரம் பிரிட்ஜுல வச்சு எடுக்கணும். நடுவுல கரண்டு போச்சுன்னா அன்னிக்கிக் களிதான்.

டீய நான் நல்லாக் கொதிக்க விடுவேன். இஞ்சியத் தட்டிப் போட்டு, தூளப் போட்டு, வாசன வந்த பெறகுதான் பால். அண்ணன் பிஸ்கட்ட டீயில முக்கி, இந்தா விழுது அந்தா விழுதுன்னு நான் பதறிக்கிட்டு இருக்கையிலயே கரெக்டா வாயில போட்டுரும். "லேத்துல வேல பாத்த கை, தப்பாது"ன்னு சிரிக்கும். ஓரம் கருகுன பிஸ்கட்டாப் பாத்துப் பொறுக்கித் திங்கும். நல்லத எனக்கு ஒதுக்கி வைக்கிதுன்னு எனக்குத் தெரியும். எனக்கு ஒண்ணும் எறங்காது.

போன தை மாசம் ஒரு ஞாயித்துக்கெழம, டீயக் குடிச்சு முடிச்சுட்டு சாவகாசமாச் சொல்லுச்சு. "கொடல்ல கட்டியாம் புள்ள. அறுத்து எடுத்துருவாங்களாம். மாசி பொறந்து தேதி குடுத்துருக்காங்க." நான் நர்ஸு. ரிப்போர்ட்ட வாங்கிப் பாத்தேன். வயசு, கட்டி இருக்குற எடம், ரத்தத்துல இருக்குற சத்து, எல்லாத்தையும் பாத்தேன். ஆபரேசன் மேச மேல இருந்து திரும்பி வந்தா உண்டு, வராட்டி இல்ல. அது போறதுக்குள்ள ஒண்ண நான் சொல்லியாகணும்னு அப்பத்தான் உறுத்துச்சு. செய்யாத ஒரு களவுக்கு அந்த மனுசன் அறுபது வருசமாப் பழி சொமந்துச்சு. அந்தக் களவச் செஞ்சவ நான்.

பாகிஸ்தான் சண்டை நடந்த வருசம். எனக்குப் பத்து வயசு, அண்ணனுக்குப் பதினாலு, தம்பிக்கு ரெண்டு. அப்பா நூல் மில்லுல வேல பாத்தாரு, மில்லு லைன்ல ஒத்த அற வீடு. குண்டெல்லாம் எங்கயோ வடக்க விழுந்துச்சு. எங்க தெருவுல விழுந்தது சீனித் தட்டுப்பாடு. பிளேனுக்கு வெளிச்சம் தெரியாம ஜன்னலுக்கெல்லாம் கருப்புத் தாள் ஒட்டணும்னு யாரோ கெளப்பி விட்டாங்க. ஒட்டுறதுக்கு மொதல்ல ஜன்னல் வேணுமேன்னு அப்பா சிரிச்சாரு. திங்கக்கெழம ஒரு வேள சோத்த விடச் சொல்லி ரேடியோவுல சொன்னாங்க. நாங்க செவ்வா பொதனுக்கும் சேத்தே விட்டுக்கிட்டு இருந்தோம்.

அரிசி, கோதும, சீனி எல்லாம் கார்டுக்குத்தான். பெரியாளுக்கு ஒரு யூனிட்டு, புள்ளைகளுக்கு அர யூனிட்டு. பையத் தூக்கிக்கிட்டு ரேஷன் கடையில நிக்கிறது அண்ணன் வேல. காலையில போனா பள்ளிக்கூடத்துல ரெண்டாவது பெல் அடிக்கையிலதான் வரும். வாங்கிட்டு வர்ற சீனி பூராவும் தம்பி பாலுக்கு. மத்த ஆளுகளுக்கு வெல்லம். வெல்லம் போட்டா பால் திரிஞ்சுபோகும், அதனால பாலில்லாத டீ. கருப்பா, மண்ணு வாடையோட. அதையும் அம்மா மொகம் சுளிக்காமக் குடிக்கும். சீனி டப்பா சாமி படத்துக்குப் பக்கத்துல மேல் பலகையில இருந்துச்சு.

அப்ப எல்லாம் எங்க பக்கம் ஒரு பழக்கம் உண்டு. தீவாளிக்கு பிஸ்கட் வேணும்னா வீட்டுல போட முடியாது, அடுப்பு ஏது? மாவு, சீனி, டால்டா எல்லாத்தையும் வீட்டுலருந்து தூக்குச்சட்டியில கொண்டுபோயி ரொட்டிக்கடையில குடுக்கணும். அவங்க பெசஞ்சு, வெட்டி, செங்கல் அடுப்புல சுட்டு, தகர டின்னுல போட்டுத் திருப்பித் தருவாங்க. கூலி மட்டும் அவங்களுக்கு. டின்னத் தலையில வச்சுக்கிட்டு லைனுக்குள்ள வந்தா, வாசம் முன்னாடி வரும், ஆள் பின்னாடி வரும். எங்க வீட்டுலருந்து ஒரு வருசமும் அப்படி ஒரு டின்னு போனதில்ல.

ரெண்டு வீடு தள்ளி என்னோட படிச்ச புள்ள ஒருத்தி இருந்தா. அவுக வீட்டுல மாவும் டால்டாவும் எப்படியோ சேத்துட்டாங்க, சீனிதான் பத்தல. "ரெண்டு டம்ளர் சீனி கொண்டு வா, ஒனக்கு ஒரு படி பிஸ்கட் தாரேன்"னு சொன்னா. ஒரு படி! எனக்குக் கண்ணு மண்ணு தெரியல. அம்மா கொழாயடிக்குப் போன நேரமாப் பாத்து, அரிசிப் பானைய மூடிப்போட்டு மேல ஏறி, டப்பாவ எறக்குனேன். டப்பா லேசாயிட்டா அம்மா கண்டுபிடிச்சிரும்னு கீழ வெள்ள ரவையக் கொட்டி, மேல ஒரு விரக்கட சீனியப் பரப்பி வச்சேன். அடுத்த ரேஷன் நாலு நாள்ல வந்துரும், அண்ணன் வாங்கிட்டு வந்து அதுக்கு மேல கொட்டிரும், யாரு கண்டுபிடிக்கப்போறான்னு கணக்கு. பத்து வயசுக் கழுதைக்கு எம்புட்டு மூள பாருங்க.

பிஸ்கட் வந்துச்சு. அவுக வீட்டுக் கொல்லையில ஒக்காந்து பாதிக்கு மேல அங்கனயே தின்னுட்டேன். மிச்சத்த அவகிட்டயே குடுத்து வச்சேன். ஒண்ணே ஒண்ண மட்டும் பாவாடையில முடிஞ்சு கொண்டு வந்து தம்பிக்குக் குடுத்தேன். அவன் கடிக்கக்கூட இல்ல. ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நக்கிக்கிட்டே இருந்தான், மொகமெல்லாம் பூசிக்கிட்டான். அவன் வாழ்க்கையில தின்ன ஒரே பிஸ்கட் அது. அதையாவது குடுத்தேனேன்னு சில நாள் நெனப்பேன். அதுதான் ஒத்துக்கலையோன்னு சில நாள் நெனப்பேன். நர்ஸாப் படிச்ச பெறகும் அந்த ரெண்டாவது நெனப்பு விடல.

மறுநாள் காலையில அவனுக்கு வயித்தால போக ஆரம்பிச்சுச்சு. அந்த வாரம் லைனுல இன்னும் நாலு புள்ளைகளுக்கும் அதேதான், கொழாத் தண்ணி கெட்டுப்போயிருந்துச்சு. மத்தியானத்துக்குள்ள கண்ணு உள்ள போயிருச்சு. அப்பா ஷிப்டுல இருந்தாரு. மில்லு டிஸ்பென்சரி கம்பவுண்டர அண்ணன்தான் ஓடிப்போயிக் கூட்டிட்டு வந்துச்சு. அவரு தம்பி வயித்துத் தோலக் கிள்ளிப் பாத்தாரு, தோலு அப்படியே நின்னுச்சு. "கொதிச்சு ஆறுன தண்ணியில சீனியும் துளி உப்பும் போட்டு ஸ்பூன் ஸ்பூனாக் குடுங்கம்மா. வாந்தி எடுத்தாலும் நிறுத்தாதீங்க. சாயங்காலம் வந்து பாக்குறேன்"னு சொல்லிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டாரு.

அம்மா டப்பாவ எடுத்து டம்ளர்ல சாச்சுச்சு. மேல் சீனி ரெண்டு நாள் பாலுக்குப் போயிருந்துச்சு. விழுந்தது ரவை. வெதுவெதுன்னு இருந்த தண்ணியில அது கரையவே இல்ல. அம்மா கலக்குச்சு, இன்னும் கலக்குச்சு. அப்புறம் விரல விட்டு நாக்குல வச்சுப் பாத்துச்சு. டப்பாவத் தரையில கவுத்துச்சு. எங்க ரெண்டு பேரையும் நிமிந்து பாத்து, "யாரு?"ன்னு கேட்டுச்சு, அம்புட்டுத்தான்.

நான் ஒண்ணும் சொல்லல. நான் அண்ணனப் பாத்தேன்.

அம்மா என் கண்ணு போன தெசையில பாத்துச்சு. அதுக்கு மேல அது யாரையும் கேக்கல.

அம்மா டம்ளர எடுத்துக்கிட்டு லைனு பூரா ஓடுச்சு. எல்லா வீட்டுலயும் வெல்லம் இருந்துச்சு, ஒரு வீட்டுல மட்டும் ரெண்டு ஸ்பூன் சீனி குடுத்தாங்க. எங்க வீட்டுலயும் ஒரு உருண்ட வெல்லம் பானைக்குள்ள கெடந்துச்சு. வெல்லத்தக் குடுக்கலாம்னு யாருக்கும் தோணல. வெல்லம் சூடு, வெல்லத்தக் குடுத்தா இன்னும் போகும்னு பொம்பளைக அத்தன பேரும் ஒரே வாயாச் சொன்னாங்க. அம்மாவும் அதத்தான் நம்புச்சு. கம்பவுண்டர் சாயங்காலம் வரல, அவரு என்ன பண்ணுவாரு, அன்னிக்கி அவருக்கு ஏகப்பட்ட வீடு. அடுத்த நாள் உச்சிக்குள்ள தம்பி போயிட்டான். அழக்கூட அவன் ஒடம்புல தண்ணி இல்ல.

பொதச்சுட்டு வந்து குளிச்ச கையோட அப்பா பெல்ட்டக் கழட்டுனாரு. "நான் எடுக்கலப்பா, சத்தியமா எடுக்கல"ன்னு அண்ணன் கத்துச்சு. மறுநாளும் அடி. மூணாம் நாள் அடிக்கிறதுக்கு முன்னாடியே, "ஆமா, நான்தான் எடுத்தேன், தின்னுட்டேன்"னு சொல்லிருச்சு. சொன்ன ஒடனே அப்பா பெல்ட்டக் கீழ போட்டுட்டு செவுத்துல சாஞ்சு ஒக்காந்துட்டாரு. நான் மூலையில நின்னு எல்லாத்தையும் பாத்துக்கிட்டு இருந்தேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம்பாங்களே, ரெண்டு எடத்துக்கும் நடுவுல எட்டடி தூரம்தான் இருந்துச்சு.

தம்பி செத்த பெறகும் அவனோட அர யூனிட்டுச் சீனி வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. கார்டுல பேர அடிக்கச் சொல்லி அம்மா போகல. அந்தச் சீனிய மட்டும் தனியாப் பொட்டலம் கட்டிக் கொண்டுபோயி லைனுக்குப் பின்னாடி எறும்புப் புத்துல கொட்டிட்டு வரும். வீட்டுல மறுபடியும் வெல்ல டீதான். அண்ணன் அந்த வருசத்தோட படிப்ப விட்டுட்டு லேத்துப் பட்டறைக்குப் போச்சு. அண்ணனுக்கு அம்மா தன் கையால அதுக்கப்புறம் சோறு போடல. தட்டத் தரையில வச்சுட்டு அந்தாண்ட போயிரும். அண்ணன் தானே போட்டுத் திங்கும். கல்யாணத்துக்குப் பெறகும் அம்மா அப்படித்தான். "தம்பியத் தின்னவன்"னு சொந்தக்காரங்க ஒரு பட்டம் வச்சாங்க. அண்ணன் மகன் சின்னப் புள்ளையா இருக்கையில விசேச வீட்டுல ஒரு கெழம் அவன் காதுபடவே அதச் சொல்லுச்சு. நானும் பந்தியில அவன் பக்கத்துலதான் ஒக்காந்திருந்தேன். எலையப் பாத்துக் குனிஞ்சுக்கிட்டேன்.

நீங்க கேப்பீங்க, ஏன்டி சொல்லலன்னு. மொதல்ல பயம். பெல்ட்டப் பாத்த பயம். வளந்த பெறகு வேற ஒண்ணு சேந்துக்கிச்சு. நர்ஸ் டிரெய்னிங்ல, வயித்தால போற புள்ளைக்கு உப்புச் சீனித் தண்ணி எப்படிக் கலக்குறதுன்னு சொல்லிக்குடுத்தாங்க. சீனி இல்லேன்னா வெல்லம் போடலாம், வெல்லமும் இல்லேன்னா உப்பு போட்ட கஞ்சித் தண்ணி போதும்னாங்க. அப்ப அன்னிக்கி எங்க வீட்டுப் பானைக்குள்ள இருந்த அந்த ஒத்த உருண்டையே போதுமா இருந்திருக்கும். ஊரு ஊராப் போயி பொம்பளைகளக் கூட்டி வச்சு, "வெல்லம் சூடுன்னு எந்தச் சிறுக்கி சொன்னா? கரைச்சுக் குடுங்கடி!"ன்னு கத்தியிருக்கேன். எதுக்கு இந்தம்மா இம்புட்டுக் கோவப்படுதுன்னு அவுக முழிப்பாங்க. அம்மாகிட்ட மட்டும் அத நான் எப்படிச் சொல்லுவேன்? "சீனிய எடுத்தது நான்தாம்மா, ஆனா வெல்லத்தக் குடுத்திருந்தா பொழச்சிருப்பான்"னு சொன்னா, அது மிச்ச உசுரையும் விட்டுரும். அம்மாவக் காப்பாத்தத்தான் வாய மூடிக்கிட்டு இருக்கேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பொய்யி. எனக்கு அது வசதியா இருந்துச்சு, அதுதான் நெசம்.

அதுக்கும் ஒரு நாள் வந்துச்சு. எனக்கு நாப்பத்தோரு வயசுல அம்மா செத்துச்சு. அப்பா அதுக்கு முன்னாடியே போயிட்டாரு, அவருக்கு அண்ணன்தான் கொள்ளி வச்சுச்சு. ஆனா அம்மா சாகறதுக்கு முந்தின வாரமே சித்தப்பாவக் கூப்பிட்டுச் சொல்லி வச்சிருச்சு, "மூத்தவன் எனக்குக் கொள்ளி வைக்கக் கூடாது. ஒம் மகன் வைக்கட்டும்." வீட்டு முத்தத்துல, அம்மாவக் குளிப்பாட்டத் தண்ணி எடுத்துட்டு வர நீர்மாலைக்குக் கெளம்புற நேரத்துல சித்தப்பா அத எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னாரு. அண்ணன் அப்பத்தான் மீசைய எடுத்துட்டு, ஈர வேட்டியோட நின்னுக்கிட்டு இருந்துச்சு. பானைய சித்தப்பா மகன் தோள்ல வச்சாங்க. அண்ணன் மகன் அவங்கப்பன் மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னான், பதினேழு வயசு அவனுக்கு. நான் அம்மா தல மாட்டுல ஒக்காந்து ஒப்பாரி வச்சுக்கிட்டு இருந்தேன். சொல்லணும்னா அதுதான் நேரம். அம்மாவுக்கு இனிமே நோகாது, பெல்ட்டு எடுக்க அப்பனும் இல்ல. எனக்கு சர்க்காரு வேல இருந்துச்சு, புருசன் இருந்தாரு, ஊருக்குள்ள நர்ஸம்மான்னு பேரு இருந்துச்சு. நான் இன்னும் சத்தமா அழுதேன்.

ரிட்டயர் ஆகி, புருசனும் போயி, இந்த அடுப்பு வந்த பெறகு அண்ணன ஞாயித்துக்கெழம டீக்கு வரச் சொன்னேன். பிஸ்கட் போட்டுக் குடுத்தேன். பிராயச்சித்தம்னு வச்சுக்கங்க. இல்ல, லஞ்சம்னு வச்சுக்கங்க.

ஆபரேசனுக்கு முந்தின ஞாயித்துக்கெழம அண்ணன் வந்துச்சு. நான் டீயக் குடுத்தேன். அது ஒரு மடக்குக் குடிக்கட்டும்னு காத்திருந்தேன், குடிச்சுச்சு. "அண்ணே, சண்ட வருசம் அந்தச் சீனிய எடுத்தது நான்"னு சொன்னேன். மூச்சு விடாம எல்லாத்தையும் சொன்னேன், ரொட்டிக்கட, ரவை, அரிசிப் பானை மேல ஏறுனது, எல்லாம். அண்ணன் டம்ளரக் கீழ வச்சுச்சு.

"ரேஷன் கடைக்காரன் கலப்படம் பண்ணிட்டான்னுல்ல நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்" அப்படின்னுச்சு. பெறகு, "அந்தாளு வாசல்ல போயி மண்ண வாரித் தூத்துனேன் புள்ள. பதினாலு வயசுல. ஓங் குடும்பம் வெளங்காதுடான்னு தூத்துனேன். அது மாதிரியே அவன் குடும்பம் சீரழிஞ்சு போச்சு. சாமி இருக்குன்னு நெனச்சேன்."

நான் அழுதேன். அது அழல.

"அம்மா கேக்கையில நீ என்னப் பாத்தியே, ஞாபகம் இருக்கா?"

"இருக்குண்ணே."

"பயந்துபோயி, காப்பாத்துண்ணேன்னு பாக்குறன்னு நெனச்சேன். அதனாலதான் ஓம் பக்கம் ஒரு அடி நகந்து நின்னேன்."

கால்ல விழுந்தேன். இந்த வயசுல முழங்கால மடக்கி விழுறது லேசுப்பட்ட காரியமில்ல, விழுந்தேன். அண்ணன் காலப் பின்னாடி இழுத்துக்கிச்சு.

"பத்து வயசுல எடுத்தியே, அத நான் கேக்கல. புள்ளதான, ஆசப்பட்டுட்ட. அம்மா கெடக்கையில முத்தத்துல அத்தன பேரு முன்னாடி என்ன ஒதுங்கி நிக்கச் சொன்னாங்களே. ஒனக்கு நாப்பத்தோரு வயசு. அப்ப எங்க போன நீ?"

அண்ணன் எந்திரிச்சு, துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு, "வாரேன்"னு சொல்லாமப் போச்சு. எங்க ஊர்ல எழவு வீட்டுலருந்துதான் அப்படிச் சொல்லாமப் போவாங்க.

ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சதுன்னு இப்பவே சொல்லிர்றேன், இல்லேன்னா பதறுவீங்க. அண்ணன் வீட்டுல இருக்கு. எந்திரிச்சு நடக்குதாம், கஞ்சி குடிக்குதாம். அண்ணன் மருமக போன்ல சொல்றா. அண்ணன்கிட்ட போனக் குடும்மான்னா, "மாமா தூங்குறாங்க"ன்னு சொல்றா. காலையில கேட்டாலும் தூங்குது, சாயங்காலம் கேட்டாலும் தூங்குது. நான் ஞாயித்துக்கெழம அடுப்பப் போடுறதில்ல. எனக்கு ஒருத்திக்கு எதுக்கு?

ஆபரேசன் அன்னிக்கி நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வராதன்னு யாரும் சொல்லல, வான்னும் யாரும் சொல்லல. வராண்டாவுல அண்ணன் மகன் நின்னுக்கிட்டு இருந்தான். அவனுக்கும் தல நரச்சிருச்சு. "அப்பா எல்லாத்தையும் சொன்னாரு அத்தே"ன்னான். திட்டுவான்னு பாத்தேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

"சொல்லாமலே இருந்திருக்கலாம்ல அத்தே. எவனோ ஒரு கடைக்காரன்னு நெனச்சுக்கிட்டே இருந்திருப்பாரு. அவருக்குன்னு கூடப் பொறந்தது நீங்க ஒருத்திதான இருந்தீங்க." கோவமே இல்லாமச் சொன்னான். சொல்லிட்டு, மருந்துச் சீட்ட எடுத்துக்கிட்டு மருந்துக் கடைக்கு எறங்கிப் போயிட்டான்.

அவன் அந்தப் பக்கம் போகவும் அண்ணன டிராலியில தள்ளிக்கிட்டு வந்தாங்க. பச்சத் துணி, தலைக்குத் தொப்பி. பல்செட்டக் கழட்டி வச்சிருந்தாங்க போல, கன்னம் ரெண்டும் உள்ள போயிருந்துச்சு. தியேட்டர் வாசல்ல டிராலி நின்னுச்சு. நான் பக்கத்துல போயிக் கைப்பிடியப் புடிச்சுக்கிட்டேன். அண்ணன் என்னப் பாத்துச்சு. கண்ண மூடல, திரும்பிக்கவும் இல்ல, நேராத்தான் பாத்துச்சு. உள்ளருந்து ஒரு நர்ஸ் பொண்ணு அட்டையும் பேனாவுமா வந்தா. பேரக் கேட்டா, கையில கட்டுன பட்டியச் சரிபாத்தா, அலர்ஜி உண்டான்னு கேட்டா. நானும் முப்பத்துமூணு வருசம் கேட்ட கேள்விகதான். கடைசியா என்னக் காட்டி, "கூட இருக்குறது யாருய்யா, என்ன உறவு?"ன்னு கேட்டா.

நான் வாயத் தொறக்குறதுக்குள்ள அண்ணன் சொல்லிருச்சு.

"தெரிஞ்சவங்கம்மா."

அந்தப் பொண்ணு அப்படியே எழுதிக்கிட்டா.